கன்றுக்குட்டிக் கதையும் எண்ணெய்க் கிணறும்

தென்சூடானைப் பற்றிய செய்தி எதை எடுத்தாலும் நாலாவது வரிக்குள் ஒரு தொடர் வந்துவிடும்: ‘டிங்கா, நூவர் இனங்களுக்கிடையே காலங்காலமாக நிலவும் பகை.’ வெளிநாட்டுச் செய்தி முகமைகள் எழுதுகின்றன, நம் நாளிதழ்கள் மொழிபெயர்க்கின்றன, தொலைக்காட்சி விவாதத்தில் ‘அது குலச்சண்டை’ என்று ஒருவர் முடித்துவைக்கிறார். படிப்பவர் பக்கத்தைப் புரட்டிவிடலாம். மாடு, ஈட்டி, இரண்டு குடிகள், ஆயிரம் வருடப் பகை என்றான பிறகு கேட்க என்ன இருக்கிறது?

கேட்க நிறைய இருக்கிறது. அந்தப் பகைக்கு வயது உண்டு. அதை வளர்த்தவர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, வங்கிக் கணக்கும் உண்டு. ‘காலங்காலமாக’ என்ற ஒரு சொல் அத்தனை பேரையும் வழக்கிலிருந்து விடுவித்துவிடுகிறது. 2013 டிசம்பர் முதல் 2018 வரை அந்த நாட்டுப் போரால் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறத்தாழ 3,83,000 பேர் இறந்தார்கள் என்று லண்டன் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் வன்முறையால் மாண்டவர்கள், மீதிப்பேர் நோயாலும் பசியாலும். இத்தனை சாவுக்கும் பழைய பகைதான் காரணம் என்று எழுதுவது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, அநீதியும்கூட.

முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடுவோம். நைல் ஆற்றின் மேல்பகுதியில் தொடங்கி எத்தியோப்பியா, உகாண்டா, கென்யா, தான்சானியா வரை பரவிக்கிடக்கும் ஒரு பெரிய மொழிக்குடும்பத்துக்கு நைலோட்டிய மொழிகள் என்று பெயர். அதில் மூன்று கிளைகள். மஸாய், துர்கானா, பாரி ஆகியோரின் மொழிகள் கிழக்குக் கிளை. நெடுந்தூர ஓட்டத்தில் உலகையே வென்ற கலெஞ்சின் மக்களின் மொழி தெற்குக் கிளை. டிங்கா, நூவர், ஷில்லுக், அனுவாக், அச்சோலி, ஒபாமாவின் தந்தை பேசிய லுவோ எல்லாம் மேற்குக் கிளை. அந்த மேற்குக் கிளைக்குள்ளும் டிங்காவும் நூவரும் மிக நெருங்கியவை. இரண்டுக்கும் பக்கத்திலேயே அத்துவோத் மக்களின் மொழி இருக்கிறது.

இந்த மொழிகளின் அமைப்பைப் பார்க்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நமக்குக் குறில், நெடில் என்று உயிருக்கு இரண்டு அளவு. டிங்காவில் மூன்று அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு உயிரையும் தெளிந்த குரலிலோ மூச்சு கலந்த குரலிலோ சொல்லலாம். அதற்கும் மேல் தொனி ஏறும், இறங்கும். பெரும்பாலான வேர்ச்சொற்கள் ஓரசைதான். ஒருமை, பன்மை, வினையின் திசை ஆகியவற்றில் பெரும்பகுதி அந்த ஒற்றை அசையின் உயிருக்குள்ளேயே மாறிக்கொள்கிறது, விகுதி ஒட்டுவது குறைவு. நூவரிலும் அடிப்படை இயக்கம் இதுதான். இவ்வளவு நுட்பமான அமைப்பை இரண்டு சமூகங்கள் தனித்தனியே, தற்செயலாகக் கண்டுபிடிக்க வாய்ப்பில்லை. ஒரு தாய்மொழியிலிருந்து கிளைத்து, பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்தவர்களின் மொழிகள் இவை. மொழி நெருக்கம் சண்டையைத் தடுக்கும் என்று நான் சொல்லவரவில்லை, பங்காளிகள்தான் அதிகம் அடித்துக்கொள்வார்கள். ஆனால் ‘இரு வேறு உலகங்களின் மோதல்’ என்று இதைச் சித்திரிப்பவர்கள் முதலில் இந்த மொழிகளைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நைலோட்டிய மக்களைப் பற்றி வெளியார் சொன்ன முதல் பெருங்கதை இதுவல்ல. இதற்கு முன் ஹாமித்தியக் கோட்பாடு என்று ஒன்று இருந்தது. ஆப்பிரிக்காவில் மாடு வளர்ப்பு, அரசு, ஒழுங்கு எதைக் கண்டாலும் அது வடக்கிலிருந்து வந்த வெளிர்நிற ஹாமித்தியர் கொண்டுவந்தது என்றார்கள். ஜெர்மானிய அறிஞர் கார்ல் மைன்ஹோஃப் 1912இல் அதற்கு மொழியியல் சாயம் பூசினார். சி.ஜி. செலிக்மன் 1930இல் ‘ஆப்பிரிக்காவின் இனங்கள்’ என்ற நூலில் அதைப் பாடமாகவே ஆக்கினார். மஸாய் போன்றோருக்கு ‘நைலோ-ஹாமித்தியர்’ என்று பெயர் சூட்டி, பாதி இரத்தம் வெளியிலிருந்து வந்தது என்றார்கள். ஒஸ்வின் கோலரும் ஜோசப் கிரீன்பர்கும் 1950களில் சொல்லுக்குச் சொல், உருபுக்கு உருபு ஒப்பிட்டு அந்தப் பிரிவே கற்பனை என்று காட்டிய பிறகும் பாடநூல்களை விட்டு அந்தப் பெயர் போக வெகுகாலம் ஆயிற்று. இரத்தத்தில் வரலாற்றைத் தேடும் பழக்கம் அவ்வளவு எளிதில் சாகாது. ‘காலங்காலமான குலப்பகை’ அதே பழக்கத்தின் அடுத்த பிறவி.

இப்போது நேரே மையத்துக்கு வருகிறேன். பழம்பகைக் கட்சிக்காரர்களிடம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. எட்வர்ட் எவான்ஸ்-பிரிட்சார்ட் 1940இல் வெளியிட்ட ‘நூவர்’ என்ற நூல். மானுடவியல் மாணவர் எவரும் அதைத் தாண்டாமல் போக முடியாது. அதில் ஒரு தொன்மக் கதை வருகிறது. கடவுளுக்கு இரண்டு பிள்ளைகள், நூவர் ஒருவன், டிங்கா ஒருவன். கிழட்டுப் பசுவை டிங்காவுக்கும் அதன் கன்றை நூவருக்கும் தருவதாகக் கடவுள் சொல்லியிருந்தார். டிங்கா இரவில் தொழுவத்துக்கு வந்து, நூவரின் குரலில் பேசிக் கன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஏமாந்ததை அறிந்த கடவுள் கோபம் கொண்டு, டிங்காவின் மாடுகளை இனி என்றும் நூவர் கவர்ந்துகொள்ளலாம் என்று விதித்தார். இதைப் படித்துவிட்டுத்தான் ‘பார்த்தீர்களா, அவர்களே சொல்கிறார்கள்’ என்று முடிவு கட்டுகிறார்கள்.

கதையை இன்னொரு முறை படியுங்கள். ஒரே தகப்பன். ஒரே தொழுவம். ஒருவன் குரலில் மற்றவன் பேசினால் கடவுளுக்கே அடையாளம் தெரியவில்லை. சண்டையோ ஒரு கன்றுக்குட்டியைப் பற்றி. மாடு கவர்வதற்குச் சாக்குச் சொல்லும் கதை இது, ஒரு மக்களையே அழிப்பதற்கான ஆணை இதில் எங்கும் இல்லை. சொத்துத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன கதையை வைத்துக்கொண்டு 2013இன் படுகொலையை விளக்க முடியுமா?

அதே எவான்ஸ்-பிரிட்சார்ட் எழுதிய இன்னொரு செய்தியை இவர்கள் எடுத்துக்காட்டுவதே இல்லை. நூவர்களின் பெரும்பாலான பிரிவுகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் டிங்கா வழிவந்தவர்கள் என்று அவரே கணித்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் நூவர்கள் கிழக்கு நோக்கிப் பரவினார்கள். அந்தப் பரவல் மென்மையானதல்ல. மாடுகளைக் கவர்ந்தார்கள், ஆட்களைக் கொன்றார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் தூக்கிச் சென்றார்கள். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. தூக்கிச் சென்றவர்களை என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. டிங்காச் சிறுவனைக் கொண்டுவந்தவன் அவனைத் தன் குல முன்னோரின் பெயரில் மகனாக ஏற்றுக்கொள்வான். பருவம் வந்ததும் மற்ற நூவர்ப் பையன்களோடு அவனையும் படுக்கவைத்து, நெற்றியில் காதிலிருந்து காதுவரை ஆறு கோடுகள் கீறுவார்கள். அந்தக் கோடு ஆறியதிலிருந்து அவன் நூவர். அவன் திருமணத்துக்குப் பரிச மாடுகளை அந்த வீட்டார் தருவார்கள். டிங்காப் பெண்ணாக இருந்தால் அவளுக்கு வரும் பரிச மாடுகள் அந்த வீட்டுக்குச் சேரும், அவள் அந்த வீட்டின் மகள். காலங்காலமாகப் பகைக்கும் இனத்தின் பிள்ளையை யாராவது இப்படித் தன் வம்சாவளியில் எழுதிக்கொள்வார்களா?

பகைதான் வாழ்க்கை என்றால் அந்த நிலமே அவர்களை வாழவிட்டிருக்காது. மழைக்காலத்தில் வெள்ளை நைலும் அதன் கிளைகளும் பெருகிச் சமவெளி முழுக்கத் தண்ணீர் நிற்கும். மேட்டு நிலங்களில்தான் ஊர். தண்ணீர் வடிந்து புல் காயத் தொடங்கியதும் இளைஞர்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு ஆற்றோரத் தாழ்நிலங்களுக்குப் போய்க் கிடை போடுவார்கள். சாண வறட்டிப் புகை மூட்டத்தில், கொசுவுக்குச் சாம்பல் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேதான் இருப்பு. ஓர் ஆண்டு இந்தப் பக்கம் வெள்ளம், மறு ஆண்டு அந்தப் பக்கம் வறட்சி. மறுகரையில் சம்பந்தி வீடு இல்லாதவனின் மந்தை பிழைக்காது. 1960களின் தொடக்கத்தில் பெருவெள்ளம் வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் மறுதரப்பு உறவினரிடம் போய்த்தான் மாடுகளைக் காப்பாற்றிக்கொண்டன.

சமயத்திலும் இதே கலப்புத்தான். நூவர்களின் மிகப் பெரிய தீர்க்கதரிசி இங்குண்டெங் 1906இல் இறந்தார். அவரை ஆட்கொண்ட தெய்வமான டெங், டிங்காக்களின் தெய்வம். வெய்டெயாங் என்ற இடத்தில் மண்ணாலும் சாம்பலாலும் அவர் எழுப்பிய பெரிய மேட்டுக்கு நூவர்களோடு டிங்காக்களும் வந்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளின் பதிவேடுகளில் அவர் போர்வெறி கொண்ட மந்திரவாதி. வரலாற்றாசிரியர் டக்ளஸ் ஜான்சன் ஆவணக் காப்பகங்களையும் முதியோர் வாய்மொழியையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது வெளிப்பட்டவரோ சண்டைகளைத் தணிக்க முயன்ற சமாதானக்காரர்.

பகை இல்லாத இடத்தில் கோடு கிழித்தவர்கள் ஆட்சியாளர்கள். 1927 டிசம்பரில் நூவர்கள் ஃபெர்குசன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியைக் கொன்றார்கள். ஏறத்தாழ அதே சமயத்தில் விமானங்கள் வந்து இங்குண்டெங்கின் மேட்டின் மீதும் மந்தைகளின் மீதும் குண்டு போட்டன. அவருடைய மகன் குவெக் 1929 பிப்ரவரியில் அந்த மேட்டடியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு வந்தது ‘நூவர் குடியமர்த்தல்’. நூவர் நிலம் இது, டிங்கா நிலம் அது என்று வரையறுத்து, நடுவே ஆளில்லா நிலத்தை விட்டு, கலந்து வாழ்ந்தவர்களை அவரவர் ‘சொந்த’ இனத்தின் பக்கம் தள்ளினார்கள். யார் எந்த இனம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாத குடும்பங்களை அதிகாரி ஒருவர் வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானித்தார். 1928இல் ரெஜாஃப் மொழி மாநாடு டிங்கா, நூவர், ஷில்லுக், பாரி, லொதுகோ, ஸாண்டே முதலிய மொழிகளைப் பள்ளிக்கும் அச்சுக்கும் தேர்ந்தெடுத்தது. அந்த மொழிகளுக்கு எழுத்து கிடைத்தது நன்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பொர் வட்டார டிங்காக்களுக்கு ஆங்கிலிக்கன் மிஷன், நூவர்களுக்கு அமெரிக்க பிரஸ்பிட்டேரியன், மேற்கே கத்தோலிக்கர் என்று ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக் கொடுத்ததில், ஒரு தலைமுறைக்குள் எழுத்தறிவும்கூட இனவாரியானது.

எவான்ஸ்-பிரிட்சார்ட் நூவர்களிடம் வந்து இறங்கியது 1930இல். அவரை வரவழைத்ததே அந்த அரசாங்கம்தான். அவர் தங்கியிருந்த மாட்டுக்கிடையை ஒரு நாள் விடியலில் அரசுப் படை சுற்றிவளைத்தது. கிளர்ச்சியில் ஈடுபட்ட இரண்டு தீர்க்கதரிசிகளைத் தேடியது, பிணைக்கைதிகளைப் பிடித்துச் சென்றது. தன் நூலின் முன்னுரையில் அவரே இதை எழுதியிருக்கிறார். ஆக அவர் பார்த்தது குண்டுவீச்சுக்குப் பிந்திய, கோடு கிழிக்கப்பட்ட, பயத்தில் உறைந்த ஒரு சமூகம். அந்த ஒரு கணத்தை எடுத்துச் சட்டம் போட்டு ‘என்றுமே இப்படித்தான்’ என்று மாட்டியது அவருக்குப் பின் வந்தவர்களின் குற்றம். அந்தக் கோடும் வெகுநாள் நிலைக்கவில்லை. மேய்ச்சலும் கல்யாணமும் அதை அழித்தன. இருதரப்புத் தலைவர்களும் சேர்ந்து உட்கார்ந்து மாட்டுவழக்கும் பெண்வழக்கும் தீர்க்கும் எல்லை நீதிமன்றங்கள் ஏற்பட்டன.

அந்த மக்களுக்குக் கொலையைக் கையாளத் தெரியாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நூவர்களுக்குள் ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிட்டால் நேரே ஓடிப்போய்ச் சேருமிடம் சிறுத்தைத்தோல் அணிந்த மண்தலைவரின் வீடு. மண்தலைவர் அவன் தோளிலிருந்து கைவழியே கீறி இரத்தத்தைச் சிந்தவைப்பார். அதுவரை அவன் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இறந்தவனின் இரத்தம் அவனுக்குள் புகுந்திருக்கிறது, குடித்தால் அவனும் சாவான் என்பது நம்பிக்கை. அந்த வீட்டு எல்லைக்குள் அவனை யாரும் தொடமுடியாது. பிறகு மாதக்கணக்கில் பேச்சு. இறந்தவனின் உறவினர் முதலில் மறுப்பார்கள், மறுப்பதுதான் மானம். மண்தலைவர் மன்றாடுவார், கடைசியில் சாபமிடுவேன் என்பார். நாற்பது ஐம்பது மாடுகள் கைமாறும். அந்த மாடுகளைப் பரிசமாகக் கொடுத்து, இறந்தவனின் பெயருக்கு ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துவைப்பார்கள். அவளுக்குப் பிறக்கும் பிள்ளை செத்துப்போனவனின் பிள்ளை, அவன் பெயர் அழியாது. போலீசும் சிறையும் இல்லாமலே கொலை எல்லை மீறாமல் நிறுத்திவைக்கும் ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டை உடைத்தவர்கள் தளபதிகள். 1980களில் சூடான் மக்கள் விடுதலைப் படையின் தலைவர்கள், அவர்களில் மேற்கு மேல்-நைல் பகுதியின் பொறுப்பாளராக இருந்த ரியெக் மச்சாரும் ஒருவர், நூவர்ப் போராளிகளிடம் ஒரு புதிய சட்டத்தைச் சொன்னார்கள். இது ‘அரசாங்கத்தின் போர்’, வீட்டுச் சண்டை அல்ல. இதில் துப்பாக்கியால் கொன்றால் தீட்டு இல்லை, கைகீறல் இல்லை, மாடு இல்லை. மானுடவியலாளர் ஷாரன் ஹட்சின்சன் இதை அந்த மக்களிடமிருந்தே கேட்டு எழுதியிருக்கிறார். ஈட்டியால் குத்தினால் யார் குத்தினான் என்று தெரியும். தூரத்திலிருந்து பாயும் கலாஷ்னிகோவ் குண்டுக்கு ஆள் கிடையாது. கொன்றவன் யார் என்று தெரியாவிட்டால் ஈடு கேட்பது யாரிடம்? மக்களின் மனச்சாட்சிக்குள் நுழைந்து கொலைக்குத் தீட்டில்லை என்று அறிவித்த அந்த நாளைத்தான் நான் இந்தப் போரின் பிறந்தநாளாகக் கொள்வேன்.

அடுத்த திருப்பம் 1991. அந்த ஆண்டு மே மாதம் எத்தியோப்பியாவில் மெங்கிஸ்து ஆட்சி கவிழ்ந்தது, விடுதலைப் படை தன் புகலிடத்தையும் ஆயுத வழியையும் ஒரே நாளில் இழந்தது. ஆகஸ்ட் 28 அன்று நாஸிரில் மூன்று தளபதிகள் அந்தப் படையின் தலைவர் ஜான் கராங்கைப் பதவிநீக்கியதாக அறிவித்தார்கள். ரியெக் மச்சாரும் கோர்டன் கோங்கும் நூவர்கள். மூன்றாமவர் லாம் அகோல் ஷில்லுக். அவர்கள் எழுப்பிய பிரச்சினை தென்சூடான் தனிநாடா, ஒன்றுபட்ட புதிய சூடானா என்பதும் கராங்கின் சர்வாதிகாரமும்தான். ஆதரவைத் திரட்ட அரசியல் போதாதபோது இனத்தைக் கையில் எடுத்தார்கள். நவம்பரில் ரியெக்கின் படைகள் பொர் டிங்காக்களைத் தாக்கின. குறைந்தது 2,000 பேர் கொல்லப்பட்டதாக அம்னஸ்டி கணக்கிட்டது. ஆயுதம் எங்கிருந்து வந்தது? எந்த கார்ட்டூம் அரசை எதிர்த்துப் போராடக் கிளம்பினார்களோ அதனிடமிருந்தே. 1997இல் ரியெக் அந்த அரசோடு வெளிப்படையாகவே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்.

இனப்பகைதான் இயக்குவிசை என்றால் அடுத்து வருவதை விளக்கவே முடியாது. கெருபினோ குவான்யின் போல் என்ற டிங்கா, 1983 மே மாதம் பொரில் முதல் கலகத்தைத் தொடங்கிய வீரர்களில் ஒருவர். 1990களில் கார்ட்டூமின் ஆயுதங்களோடு அவர் சூறையாடியது யாரை? பஹ்ர் எல் கஸலில் தன் சொந்த டிங்கா மக்களை. 1998இல் அங்கே மூண்ட பெரும்பஞ்சத்துக்கு அவர் படையின் கொள்ளையும் ஒரு காரணம். அதே காலத்தில் எண்ணெய் வயல்களுக்காகப் பவுலினோ மத்தீப் என்ற நூவரின் படை ரியெக் என்ற நூவரின் படையோடு மோதி, நூவர்க் கிராமங்களைக் கொளுத்தியது. டிங்காவை டிங்கா, நூவரை நூவர். எந்தக் கன்றுக்குட்டிக்காக?

கன்றுக்குட்டிக்காக இல்லை. பென்டியூ அருகே 1978இல் ஷெவ்ரான் எண்ணெயைக் கண்டது. 1999 ஆகஸ்டில் குழாய்வழியாக எண்ணெய் செங்கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. கிணறு தோண்ட நிலம் காலியாக வேண்டும், காலி செய்ய விமானமும் ஹெலிகாப்டரும் கூலிப்படையும் வேண்டும். 5ஏ என்ற எண்ணெய் வட்டாரத்தில் மட்டும் ஏறத்தாழ 12,000 பேர் இறந்ததாகவும் 1,60,000 பேர் துரத்தப்பட்டதாகவும் ஐரோப்பியத் தேவாலயங்களும் மனித உரிமை அமைப்புகளும் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று 2010இல் அறிக்கை வெளியிட்டது. இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. கனடாவின் டலிஸ்மன் நிறுவனம் பொதுமக்கள் எதிர்ப்பைத் தாங்க முடியாமல் வெளியேறியபோது, அதன் 25 சதவீதப் பங்கை 2003இல் வாங்கியது இந்திய அரசின் ஓஎன்ஜிசி விதேஷ். சீனாவும் மலேசியாவும் ஏற்கெனவே அங்கே இருந்தன. அடுத்து ஓஎன்ஜிசி விதேஷ் 5ஏ வட்டாரத்திலும் ஒரு பங்கை வாங்கியது. அந்த வட்டாரம் நூவர் நிலம். எண்ணெயில் பங்கு வைத்திருந்த ஒரு நாட்டின் பத்திரிகைகள், அங்கே நடப்பது குலச்சண்டை என்று எழுதுவதற்கு முன் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும்.

2013 டிசம்பர் 15 இரவுக்கு வருகிறேன். அதற்கு ஐந்து மாதம் முன்பு, தனிநாடாகிவிட்ட தென்சூடானின் அதிபரும் டிங்காவுமான சல்வா கீர் துணை அதிபர் ரியெக்கை நீக்கி, முழு அமைச்சரவையையும் கலைத்திருந்தார். கீரை எதிர்த்து டிசம்பர் 6 அன்று ரியெக்கோடு மேடையில் அமர்ந்தவர்களில் கராங்கின் மனைவி ரெபெக்கா நியாண்டெங் டிங்கா, கட்சிச் செயலாளர் பகான் அமும் ஷில்லுக். மறுபக்கம் கீரின் ராணுவத் தலைமைத் தளபதி ஜேம்ஸ் ஹோத் மாய் ஒரு நூவர். சண்டை ஒரு கட்சிக்குள், ஒரு பதவிக்காக. அதை இனப்போராக மாற்றியது திட்டமிட்ட கொலை. தலைநகர் ஜூபாவின் குடேலே பகுதியில் நூவர் ஆண்களை ஒரு போலீஸ் கட்டடத்தில் அடைத்து வைத்து ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஒபசான்ஜோ தலைமையிலான ஆப்பிரிக்க ஒன்றிய விசாரணைக் குழு, இந்தக் கொலைகள் ஒருங்கிணைக்கப்பட்டவை என்றே முடிவுக்கு வந்தது.

‘நெற்றிக் கோடுகளைப் பார்த்துக் கொன்றார்கள், மொழியைக் கேட்டுக் கொன்றார்கள். இது இனப்பகை இல்லாமல் வேறென்ன?’ என்று கேட்பார்கள். நேர்மையான கேள்விதான். கொலை இன அடிப்படையில் நடந்தது என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கக் கோட்டைப் பார்த்தார்கள். பட்டியலும் துப்பாக்கியும் கட்டளையும் எங்கிருந்து வந்தன என்பதுதான் வேறு கேள்வி. நான்கு நாளில் அகோபோவில் ஐ.நா. முகாமில் ஒளிந்திருந்த டிங்காக்களை நூவர் இளைஞர்கள் தாக்கியபோது இரண்டு இந்தியச் சிப்பாய்கள் அவர்களைக் காத்து உயிர்விட்டார்கள். அந்த இளைஞர்களை அங்கே கொண்டுவந்தது ஜூபாவிலிருந்து வந்த சாவுச்செய்தி. பழைய தொன்மம் எதுவும் அவர்களை அனுப்பவில்லை. 2014 ஏப்ரலில் ரியெக்கின் படை பென்டியூவில் நுழைந்தபோது அங்கிருந்த மருத்துவமனையில் நூவர்களையே கொன்றது. வெளியே வந்து ஆரவாரம் செய்யாமல் உள்ளே ஒளிந்துகொண்டார்கள் என்பது அவர்கள் செய்த குற்றம். ஐ.நா. பணிக்குழுவே இதை அறிவித்தது. 2015இல் லேர், கோச் பகுதி நூவர்க் கிராமங்களை எரித்த அரசுப் படையோடு வந்தவர்கள் புல் என்ற பிரிவைச் சேர்ந்த நூவர்கள். 2016இல் ரியெக்கின் இடத்தில் கீர் அமர்த்திய தபன் டெங்கும் நூவர்தான்.

இந்தத் தவறான கதையால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். 2012இல் சல்வா கீரே 75 முன்னாள், இந்நாள் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்: 400 கோடி டாலர் காணாமல் போயிருக்கிறது, திருப்பித் தாருங்கள். அரசின் வருவாயில் கிட்டத்தட்ட முழுவதும் எண்ணெய்ப்பணம், அதைப் பங்கிடும் நாற்காலிக்குத்தான் போர். சமாதானம் பேச வருபவர்களோ இரண்டு குலங்களின் தலைவர்களை அழைத்ததாக நினைத்துக்கொண்டு, துப்பாக்கிக் கணக்குப்படி பதவிகளைப் பிரிக்கிறார்கள். 2018 ஒப்பந்தத்தின் விளைவு ஐந்து துணை அதிபர்கள், 550 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றம். ‘உன் இனத்தின் பெயரால் படை திரட்டினால் உனக்கும் ஒரு பங்கு’ என்பதே இதன் பாடம். அடுத்த தளபதி அதை நன்றாகவே படித்துக்கொள்கிறார்.

இதற்கு மாறான வழி ஒன்றை அந்த மக்களே காட்டினார்கள், அதுவும் போரின் நடுவிலேயே. 1999இன் தொடக்கத்தில், வுன்லித் என்ற டிங்கா ஊரில், தென்சூடான் தேவாலயங்களின் ஏற்பாட்டில் நைலின் மேற்குக் கரையின் டிங்காத் தலைவர்களும் நூவர்த் தலைவர்களும் கூடினார்கள். அதற்கென்றே குடிசைகள் கட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். ஒரு வெள்ளைக் காளையைப் பலியிட்டார்கள். பிறகு நாள்கணக்கில் ஒரு தரப்பு பேச மறுதரப்பு குறுக்கிடாமல் கேட்டது. என் மகளை நீங்கள் கொண்டுபோனீர்கள், எங்கள் ஊரை நீங்கள் எரித்தீர்கள் என்று பெயரும் ஊரும் சொல்லிப் பேசினார்கள். தூக்கிச் சென்றவர்களைத் திருப்பி அனுப்புவது, மேய்ச்சலுக்கும் மீன்பிடிக்கும் எல்லையைத் திறந்துவிடுவது என்று முடிவானது. அதன்படி மாடுகள் மறுபடி எல்லை கடந்து மேய்ந்தன. பழம்பகை உண்மையாக இருந்தால் எட்டாண்டுக் கொலைக்குப் பிறகு இது ஒரு சில நாளில் நடந்திருக்க முடியாது. அந்த மேற்குக் கரை அமைதி தளபதிகள் மறுபடி கைவைக்கும்வரை தாக்குப்பிடித்தது. உலகச் செய்தியாளர்களில் எத்தனை பேர் வுன்லித்தை எழுதினார்கள்?

2015 ஒப்பந்தத்திலேயே போர்க்குற்றங்களை விசாரிக்க ஒரு கலப்பு நீதிமன்றம் அமைப்பதாக ஒத்துக்கொண்டார்கள். 2018இல் அதையே மறுபடி எழுதினார்கள். அது அமையவே இல்லை. 2025இல் ரியெக்கைக் காவலில் வைத்து ஜூபாவில் வழக்குத் தொடுத்திருப்பது அதே போட்டியின் இன்னொரு சுற்று. குற்றவாளிக் கூண்டில் ஒரு தரப்பை மட்டும் நிறுத்தும் வழக்கை நீதி என்று நான் ஏற்கமாட்டேன். இன்று 5ஏ வட்டாரத்தைப் பற்றி முறையாக வழக்கு நடப்பது ஸ்டாக்ஹோமில். போர்க்குற்றங்களுக்கு உடந்தையாக இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் லுண்டின் எண்ணெய் நிறுவனத்தின் இரண்டு முன்னாள் தலைவர்கள் மீது 2023 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அவர்கள் குற்றச்சாட்டை மறுக்கிறார்கள், தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. அங்கே எந்த மாதத்தில் எந்தச் சாலை போடப்பட்டது, அந்தச் சாலைக்காக எந்தக் கிராமம் எரிந்தது, யார் யாருக்குக் கடிதம் எழுதினார் என்று கேட்கிறார்கள். இதே கேள்விகளை எண்ணெய் வாங்கிய எல்லா நாடுகளிடமும், இரு தரப்புத் தளபதிகளிடமும் கேட்க வேண்டும். ஓஎன்ஜிசி விதேஷ் 5ஏ வட்டாரத்தில் பங்கு வாங்கும்போது அந்த நிலத்தைப் பற்றி என்ன தெரிந்து வைத்திருந்தது என்ற கேள்வியை நம் நாடாளுமன்றத்திலும் எழுப்பியாக வேண்டும்.